பாட்டு வேண்டும், பாடுகிறவன் வேண்டாமா?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கரீபியன் இசையும் சமூக மனப்பான்மையும்' என்று தலைப்புக் கொடுத்து என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் இசை படித்தவன் இல்லை. சுருதி, தாளம் பற்றிக் கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன். ஆனால் தோல் கருவியின் சத்தத்தில் வளர்ந்தவன். என் அப்பா பறை அடித்தவர். சாவு வீட்டுக்கும் அடித்தார், ஊர்த் திருவிழாவுக்கும் அடித்தார். பள்ளிக்கூடத்தில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால் "கூலி வேலை" என்று சொல்வேன். அது பொய்யும் இல்லை. பறையை மட்டும் விட்டுவிடுவேன்.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் சுவரில் பாப் மார்லி படம் ஒட்டியிருந்தான். சடையை விரித்துக்கொண்டு சிரிக்கிற படம். எனக்கு ரெக்கே கேட்கப் பழக்கியவனே அவன்தான். ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு விடிய விடியக் கேட்டிருக்கிறோம். ஒருநாள் பேச்சுவாக்கில் அப்பா பறை அடிப்பதைச் சொன்னேன். "சாவு மோளமாடா?" என்று சிரித்தான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவன் வீட்டிலிருந்து வந்த முறுக்கு டப்பா என் பக்கம் நகரவில்லை. மாதக் கடைசியில் வேறு அறைக்கு மாறிக்கொண்டான். போகும்போது மார்லி படத்தைக் கிழியாமல் பிரித்து, சுருட்டி, கையில் எடுத்துக்கொண்டு போனான்.

இதை அவன் மேல் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடு வருகிறது. ஒடுக்கப்பட்டவனின் பாட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன், ஒடுக்கப்பட்டவனைப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டேன் என்கிறான். அப்படியானால் பாட்டு மனிதனை மாற்றுகிறதா, இல்லையா? இதற்குப் பதில் தேடித்தான் அந்தப் பாட்டு பிறந்த ஊரின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

நிறத்தின் ஏணி

ஜமைக்காவை 1655-ல் ஸ்பெயினிடமிருந்து இங்கிலாந்து பிடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் கொண்டுவந்து கரும்புத் தோட்டத்தில் அடைத்தது. அடிமை முறை 1834-ல் சட்டப்படி ஒழிந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் வேலை வாங்கிவிட்டு, 1838-ல்தான் முழுமையாக விட்டார்கள். சங்கிலி போனது. நிறத்தின் ஏணி போகவில்லை. உச்சியில் வெள்ளையர், நடுவில் கலப்பினத்துப் 'பழுப்பு' நிறத்தவர், அடியில் கருப்பர். வங்கியில் முன்மேசையில் உட்கார்ந்து பணம் எண்ணுகிற வேலைக்கும் வெளுத்த தோல் வேண்டும்.

1955-ல் ஒரு அழகிப் போட்டி நடந்தது. இங்கிலாந்து அந்தத் தீவைப் பிடித்து முந்நூறு ஆண்டு ஆனதைக் கொண்டாடுகிற விழாவின் பகுதி அது. பெயர் 'பத்து வகை, ஒரே மக்கள்'. தோலின் நிறத்தைப் பத்தாகப் பிரித்து, பத்துக்கும் தனித்தனி மகுடம். கருங்காலி மரத்தின் பெயரில் ஒரு அழகி, ஆப்பிள் பூவின் பெயரில் ஒரு அழகி. எல்லோரையும் சமமாக மதிக்கிறோம் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் கருப்புப் பெண் ஆப்பிள் பூவோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிட முடியாது. அவளுக்கு அவள் வரிசை.

அண்ணல் அம்பேத்கர் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று சொன்னதைப் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் கீழே மிதிக்க ஒருவன் இருக்கிறான். அதனால் ஏணியை உடைக்க யாருக்கும் அவசரம் இல்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறமும் சாதியும் ஒன்றல்ல. அங்கே திருமணம் வழியாக ஓரளவு படி ஏற முடிந்தது. இங்கே சாதி அந்தக் கதவையும் பூட்டி வைத்திருக்கிறது. ஆனால் இழிவு என்கிற உணர்வு மனதுக்குள் எப்படி இறங்குகிறது என்று பார்க்க, அந்தத் தீவு நமக்கு ஒரு கண்ணாடி.

பிள்ளை பிடிக்கிறவன்

அந்த ஏணியின் அடிப் படிக்கும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள்தான் ராஸ்தாஃபாரிகள்.

மார்கஸ் கார்வி 1914-ல் கிங்ஸ்டனில் தொடங்கிய இயக்கம், கருப்பராகப் பிறந்ததில் பெருமை கொள்ளச் சொன்னது. 1930-ல் எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி பேரரசராக முடிசூடியபோது, ஜமைக்காவின் ஏழைக் கருப்பர்களில் சிலர் அவரையே தங்கள் கடவுளாகக் கண்டார்கள். லெனர்ட் ஹவல் என்பவர் 1933-லிருந்து இதைத் தெருத்தெருவாகப் பேசினார். அடுத்த ஆண்டே தேசத்துரோக வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளினார்கள். பின்னர் அவர் மலையில் பின்னக்கிள் என்ற குடியிருப்பை உண்டாக்கினார். அதையும் 1954-ல் காவல்துறை சிதைத்தது.

ஒரு மன்னனைக் கடவுளாக்குவதில் நமக்கு உடன்பாடு இல்லை. பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வெள்ளைக் கடவுளின் முன்னால் முந்நூறு ஆண்டு மண்டியிட வைக்கப்பட்டவன் "என் கடவுள் கருப்பு" என்று சொல்லும்போது, அந்தச் சொல்லில் இருக்கிற கலகத்தை நாம் தவறவிடக்கூடாது.

ஊர் அவர்களை எப்படிப் பார்த்தது? சடை வளர்த்தவன், அழுக்கன், கஞ்சாக்காரன், பைத்தியம். குழந்தை சாப்பிடவில்லை என்றால் 'கருப்பு நெஞ்சுக்காரன் வந்து பிடித்துக்கொண்டு போவான்' என்று பயமுறுத்துவார்கள். 1963-ல் மாண்டிகோ பே நகருக்கு அருகே கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் மோதல் நடந்து, காவலர்கள் உட்படச் சிலர் இறந்தார்கள். அதைச் சாக்காக வைத்து, சம்பவத்தோடு தொடர்பே இல்லாத ராஸ்தாக்களையும் தேடித்தேடிப் பிடித்தார்கள். அடித்தார்கள், சிறையில் அடைத்தார்கள், சடையை வெட்டினார்கள். இதைச் செய்தது வெள்ளை அரசு இல்லை. 1962 ஆகஸ்ட் 6-ல் விடுதலை பெற்ற சுதந்திர ஜமைக்காவின் அரசு. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2017-ல். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

தோல் கருவியின் பயணம்

இப்போது இசைக்கு வருகிறேன்.

கிங்ஸ்டனின் கிழக்கே வரேக்கா மலைப் பக்கம் கவுண்ட் ஆஸி என்ற ராஸ்தா மேளக்காரரின் முகாம் இருந்தது. அடிமைக் காலத்திலிருந்து வந்த மூன்று மேளங்கள் அங்கே ஒலித்தன. ஒன்று கனத்த அடி, ஒன்று இதயத் துடிப்பு மாதிரி நிற்காத அடி, இன்னொன்று மேலே தாவித்தாவிப் பேசுகிற அடி. 1960-ஐ ஒட்டி, பிரின்ஸ் பஸ்டர் என்ற இளம் தயாரிப்பாளர் அவர்களைப் பதிவரங்குக்கு அழைத்துவந்தார். ஃபோக்ஸ் சகோதரர்கள் பாடிய 'ஓ கரோலினா' அப்படிப் பிறந்தது. கேட்டால் சாதாரணக் காதல் பாட்டு. புரட்சி வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் பின்னால் ஒலிப்பது பிள்ளை பிடிக்கிறவனின் மேளம். எந்தச் சத்தத்தைக் கேட்டால் கதவைச் சாத்தினார்களோ, அந்தச் சத்தத்துக்கு ஊரே ஆடியது.

இந்தப் பாட்டுகள் முதலில் பரவியது வானொலி வழியாக அல்ல. வானொலிக்காரர்களின் காது அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் பார்த்துத் திரும்பியிருந்தது. ஏழைகளுக்கு வழி திறந்தது 'சவுண்ட் சிஸ்டம்'. நம் ஊர் ரேடியோ செட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டுகள், மைக். வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு வெட்டவெளியில் இறக்கினால் அதுதான் அரங்கம். அரங்குக்குள் விடாதவனுக்குத் தெருவே அரங்கம். டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்றவர்கள் இப்படித்தான் வளர்ந்தார்கள். இவர்கள் புரட்சியாளர்கள் இல்லை, வியாபாரிகள். பாடகர்களுக்குச் சொற்பக் காசு கொடுத்து ஏமாற்றிய கதைகள் நிறைய உண்டு. ஆனாலும் எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று தீர்மானிக்கிற அதிகாரம், வரலாற்றில் முதல் முறையாக, ஆடுகிற ஏழையின் காலுக்கு வந்தது.

ஆதிக்கம் எப்போதும் மேளத்தைக் கண்டு அஞ்சியிருக்கிறது. பக்கத்திலுள்ள டிரினிடாடைப் பாருங்கள். விடுதலையான அடிமைகள் தீப்பந்தமும் மேளமுமாக நடத்திய கான்பூலே ஊர்வலத்தைக் காவல்துறை தடுக்கப்போய், 1881-ல் பெரும் மோதல் ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் மேளத்துக்கு எதிராகச் சட்டம் போட்டார்கள். மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் தகரம், பிறகு எண்ணெய்ப் பீப்பாய். அந்தப் பீப்பாயைத் தட்டித்தட்டிச் சுரம் பிரித்து உருவாக்கியதுதான் ஸ்டீல்பேன். ஆரம்பத்தில் அதை வாசித்த பையன்கள் ரவுடிகள் எனப்பட்டார்கள். 1992-ல் அதுவே நாட்டின் தேசிய இசைக்கருவி.

இங்கே நமக்கு ஒரு இரத்த உறவும் உண்டு. 1838-லிருந்து கயானாவுக்கும், 1845-லிருந்து டிரினிடாடுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் இருந்தார்கள். 'மதராசிகள்' என்று அங்கே பெயர். மொழி போய்விட்டது. ஆனால் கயானாவில் அவர்கள் வழிவந்தவர்களின் காளி வழிபாட்டில் இன்றைக்கும் ஒரு தோல் கருவி ஒலிக்கிறது. அதற்கு அவர்கள் சொல்கிற பெயர் 'தப்பு'. தமிழை மறந்த வாயில் அந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை. அதைப் படித்த அன்று நான் அப்பாவிடம் சொன்னேன். "அங்க எவன்டா தப்படிக்கிறான்?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கயும் சாவுக்குத்தான் அடிக்கிறானா?" என்றார்.

பாட்டோடு நடந்த இயக்கம்

அப்படியானால் பாட்டுதான் ஜமைக்காவை மாற்றியதா? இங்கேதான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1968-ல் வால்டர் ராட்னி என்ற கயானா நாட்டு வரலாற்று ஆசிரியர், கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வந்தார். வகுப்பு முடிந்ததும் ராஸ்தாக்கள் இருக்கிற சேரிகளுக்குப் போய் உட்கார்ந்தார். ஆப்பிரிக்க வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தார், அவர்களிடம் கற்றுக்கொண்டேன் என்று எழுதவும் செய்தார். அரசுக்குப் பொறுக்கவில்லை. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனவரை அக்டோபர் 15 அன்று திரும்ப நாட்டுக்குள் விடவில்லை. மறுநாள் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். கிங்ஸ்டன் ஏழைகள் சேர்ந்துகொண்டார்கள். நகரம் பற்றி எரிந்தது. ஸ்கா என்ற துள்ளல் இசை மெல்ல மெல்ல நிதானமாகி, ரெக்கே என்று பெயர் பெற்றதும் இதே காலம்தான்.

1972 தேர்தலில் மைக்கேல் மேன்லி ரெக்கே பாடகர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரச்சாரம் செய்தார். டெல்ராய் வில்சனின் 'பெட்டர் மஸ்ட் கம்' அவர் கட்சியின் பாட்டானது. வென்றார். அரசியல்வாதி பாட்டைப் பயன்படுத்திக்கொண்டான் என்று சொல்லலாம், அதுவும் உண்மை. ஆனால் அந்த ஆட்சி 1976-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. திருமணம் ஆகாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தையைச் சட்டம் அதுவரை 'முறைகேடாகப் பிறந்தது' என்று முத்திரை குத்தியது. ஏழைக் கருப்பர்களில் பெரும்பான்மையோர் மேல் அந்த முத்திரை இருந்தது. புதிய சட்டம் எல்லாக் குழந்தையும் ஒன்று என்றது. நெவில் மார்ட்டின் 'தி மெசேஜ்' என்ற பாட்டில், இனி அந்த வசவுக்கு ஆள் இல்லை என்ற செய்தியைப் பாடினார். சட்டம் அரசிதழில் இருந்தால் யார் படிப்பார்கள்? பாட்டில் வந்தபோது தெருப்பையனும் நிமிர்ந்தான். பாட்டு மட்டும் இருந்திருந்தால் ஆறுதல். சட்டம் மட்டும் இருந்திருந்தால் காகிதம். இரண்டும் சேர்ந்ததால்தான் தலை நிமிர்ந்தது.

பாப் மார்லியையும் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். 1945-ல் நைன் மைல் கிராமத்தில் கருப்புத் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் பிறந்தவர். ட்ரெஞ்ச் டவுன் சேரியில் வளர்ந்தவர். அவருடைய 'வார்' பாட்டின் சொற்கள், 1963-ல் ஹைலி செலாசி ஐக்கிய நாடுகள் அவையில் ஆற்றிய உரையிலிருந்து வந்தவை. 'ரிடெம்ப்ஷன் சாங்' பாட்டின் மையக் கருத்து, 1937-ல் கனடாவில் மார்கஸ் கார்வி பேசியதிலிருந்து வந்தது. கூட்டத்தில் பேசியது காற்றோடு போயிருக்கும், பாட்டு அதை உலகம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போனது. அவருடைய தோழர் பன்னி வெய்லர், குழந்தைகளைப் பயமுறுத்தச் சொன்ன அந்தக் 'கருப்பு நெஞ்சுக்காரன்' என்ற வசவையே 1976-ல் தன் ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார். 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில் மார்லி அங்கே மேடையில் பாடினார். 1981-ல் தம் 36-ஆம் வயதில் இறந்தபோது, அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 1963-ல் சடையைப் பிடித்து வெட்டிய அரசு, 1981-ல் சடைக்காரனின் சவப்பெட்டிக்கு முன்னால் தலை குனிந்தது. மனப்பான்மை மாறியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் எல்லை இருந்தது. 1978 ஏப்ரல் 22-ல் அமைதிக்கான இசைவிழாவில், எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள் மேன்லி, சியாகா இருவரின் கையையும் மார்லி மேடையில் சேர்த்துப் பிடித்தார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. அதே மேடையில் பீட்டர் டாஷ் காவல்துறையையும் ஆட்சியாளர்களையும் முகத்துக்கு நேராக விளாசினார். சில மாதங்களில் காவலர்கள் அவரைப் பிடித்துக் கொடூரமாக அடித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் வந்த 1980 தேர்தல் ஆண்டில் எண்ணூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஒரு பாட்டால் கைகளைச் சேர்க்க முடிந்தது. அந்தக் கைகளில் துப்பாக்கி வந்த வழியை அடைக்க முடியவில்லை.

கிளாப்டனும் என் அறைத்தோழனும்

இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னால் என் அறைத்தோழன் உங்களுக்குப் புரிவான்.

1969-ஐ ஒட்டி லண்டனில் தலையை ஒட்ட வெட்டிய வெள்ளை உழைக்கும் வர்க்க இளைஞர்கள், ஸ்கின்ஹெட்டுகள், ஜமைக்கா இசைத்தட்டுகளைத் தேடித்தேடி வாங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தெருவில் பாகிஸ்தானியர்களையும் இந்தியர்களையும் தேடித்தேடி அடித்தார்கள். ராத்திரி கருப்பனின் பாட்டுக்கு ஆட்டம், விடிந்தால் ஆசியன் மேல் அடி.

அடுத்தது எரிக் கிளாப்டன். 1974-ல் மார்லியின் 'ஐ ஷாட் த ஷெரிஃப்' பாட்டைத் தன் குரலில் பாடி, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் நின்றுகொண்டு, குடியேறிகளை விரட்ட வேண்டும் என்று பேசிய ஈனக் பவலை ஆதரிக்கச் சொன்னார். யாருடைய பாட்டு அவருக்குப் புகழும் பணமும் தந்ததோ, அவர்களையே வெளியே போகச் சொன்னார்.

பாட்டைக் காதலிப்பது ஒன்று. பாடுகிறவனைச் சமமாக மதிப்பது இன்னொன்று. முதலாவது தானாக இரண்டாவதாக மாறிவிடாது. நடுவில் யாராவது வேலை செய்தாக வேண்டும்.

செய்தார்கள். கிளாப்டனுக்குப் பதிலடியாக இசைப் பத்திரிகைக்குப் போன ஒரு கடிதத்திலிருந்து 'இனவெறிக்கு எதிரான ராக்' என்ற இயக்கம் பிறந்தது. ஒரே மேடையில் கருப்பர்களின் ரெக்கே குழுவும் வெள்ளையர்களின் பங்க் குழுவும். பாட்டு கேட்க வந்தவனின் கையில் துண்டறிக்கை. 1978 ஏப்ரல் 30-ல் பல்லாயிரம் பேர் லண்டன் நடுவிலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலமாக நடந்தே போனார்கள். அங்கே ஸ்டீல் பல்ஸ் என்ற ரெக்கே குழுவும் கிளாஷ் குழுவும் வாசித்தன. இனவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் 1979 பொதுத்தேர்தலில் முந்நூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்று, எல்லாவற்றிலும் கட்டுத்தொகையை இழந்தது. குடியேற்றத்துக்கு எதிராகத் தாட்சர் பேசிய பேச்சு அவர்கள் வாக்கைத் தன் பக்கம் இழுத்ததும் ஒரு காரணம், மறைக்க வேண்டாம். ஆனாலும் ஒரு தலைமுறை வெள்ளை இளைஞர்களுக்கு, இனவெறியோடு இருப்பது அசிங்கம் என்று அந்த இயக்கம் கற்றுக்கொடுத்தது.

கீழே பார்த்து உமிழும் பாட்டு

இதுவரை கேட்டது நமக்கு இனிப்பானது. இனி கசப்பு.

எண்பதுகளில் ரெக்கேயின் இடத்தை டான்ஸ்ஹால் பிடித்தது. அதே சேரி, அதே ஸ்பீக்கர், வேகமான தாளம். 1992-ல் பூஜூ பாண்டன் என்ற கருத்த இளைஞர் ஒரு பாட்டுப் பாடினார். தனக்குப் பழுப்பு நிறப் பெண்தான் வேண்டும் என்று. கார்வி பிறந்த மண்ணில், மார்லி இறந்து பதினோரு ஆண்டில்! பெண்கள் கொந்தளித்தார்கள். கருப்புப் பெண்ணைப் புகழ்ந்து அவரே இன்னொரு பாட்டுப் பாட வேண்டி வந்தது. தோலை வெளுக்க வைக்கும் களிம்பு பூசுவது இன்றைக்கும் அங்கே ஓயவில்லை. 2007-ல் அரசு சுகாதாரத் துறையே அதற்கு எதிராகப் பிரச்சாரம் செய்ய வேண்டியிருந்தது. பிறகு வைப்ஸ் கார்ட்டெல் என்ற உச்ச நட்சத்திரம் தன் தோலை வெளுத்துக்கொண்டு, அதைப் பாட்டிலும் பெருமையாகப் பாடினார். ஏணியின் மேல்படிகள் ஆடின. அடிமனதில் ஏணி அப்படியே நிற்கிறது.

அதே 1992-ல் வெளியான பூஜூவின் இன்னொரு பாட்டு, ஒருபாலீர்ப்பு கொண்ட ஆண்களைச் சுட்டுக் கொல்லச் சொன்னது. ஊரே ஆடியது. 1864-ல் ஆங்கிலேயன் போட்ட சட்டம் அவர்களைக் குற்றவாளி என்கிறது. ஆங்கிலேயன் கொண்டுவந்த வேதப் புத்தகம் அவர்களைப் பாவி என்கிறது. ஆங்கிலேயனை எதிர்த்துப் பாடிய இசை, இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலேயனின் குரலாக ஒலித்தது. 2004 ஜூனில், தற்பாலீர்ப்பினர் உரிமைக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்த பிரையன் வில்லியம்சன் தன் வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தார். வெளியே கூடிய கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் அந்தப் பாட்டைப் பாடினார்கள். மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் ஆய்வாளர் அதை நேரில் கண்டு பதிவு செய்திருக்கிறார்.

பாட்டு மனப்பான்மையை மாற்றுமா என்று கேட்டீர்களே, இதுவும் அதற்கான பதில்தான். மாற்றும். எந்தப் பக்கம் என்பதை ஸ்பீக்கர் தீர்மானிப்பதில்லை. ஒடுக்கப்பட்டவன் பாடுகிறான் என்பதால் மட்டும் ஒரு பாட்டு விடுதலைப் பாட்டு ஆகிவிடாது. மேலே பார்த்து விடுதலை கேட்டவன், கீழே திரும்பியதும் ஆதிக்கக்காரன் ஆகலாம்.

இதைத் திருத்தியதும் இயக்கம்தான். ஜமைக்காவுக்கு உள்ளும் வெளியிலும் இருந்த தற்பாலீர்ப்பினர் அமைப்புகள் கச்சேரிகளை நிறுத்த வைத்தன. இங்கே ஒரு சிக்கலும் உண்டு. வெள்ளை நாட்டுக்காரன் வந்து எங்களுக்குப் பாடம் சொல்வதா என்ற கோபத்தையும் அது கிளப்பியது. அதனால் உள்ளிருந்தே எழுந்த குரல்களுக்குத்தான் மதிப்பு அதிகம். 2006-ல் டான்யா ஸ்டீஃபன்ஸ் என்ற ஜமைக்கப் பாடகி இந்த வெறுப்பைக் கேள்வி கேட்டு ஒரு பாட்டுப் பாடினார். 2012-ல் டயானா கிங் தான் ஒரு லெஸ்பியன் என்று வெளிப்படையாக அறிவித்தார். 2019-ல் பூஜூ பாண்டனே அந்தக் கொலைப் பாட்டை இனிப் பாடுவதில்லை என்று விலக்கினார். இருபத்தேழு ஆண்டு ஆனது. சட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது.

பெண்கள் கதையும் இதுதான். டிரினிடாடில் கலிப்சோ பாட்டுப் போட்டியில் வென்றவருக்கு 'கலிப்சோ அரசன்' என்று பட்டம். 1978-ல் கலிப்சோ ரோஸ் வென்றார். பெண்ணை அரசன் என்று எப்படி அழைப்பது? பட்டத்தின் பெயரையே மாற்றினார்கள். பாட்டில் பெண்ணைக் கேலி செய்தே பிழைத்த ஆண்கள், பட்டத்தில் தோற்றார்கள். எண்பதுகளின் கடைசியில் துருபதி ராம்கூனை என்ற இந்திய வம்சாவளிப் பெண், கருப்பர்களின் சோகா தாளத்தையும் இந்தியர்களின் தாஸ்ஸா மேளத்தையும் சேர்த்துப் பாடினார். அவரைத் திட்டியது யார் தெரியுமா? அவருடைய இந்துச் சமூகத்தின் பழமைவாதிகள்தான். குடும்பப் பெண் கருப்பர்களின் மேடையில் இடுப்பை ஆட்டுவதா என்றார்கள். அந்தக் கோபத்தில் பெண்ணடிமைத்தனமும் கருப்பர் மேலான வெறுப்பும் ஒன்றாகக் கலந்திருந்தன. கடல் தாண்டினாலும் நம் ஆட்கள் மூட்டையில் என்னென்ன கட்டிக்கொண்டு போனார்கள், பாருங்கள்.

முடிவாக

ஒரு பாட்டு சமூகத்தை மாற்றுமா என்று யாராவது கேட்டால், நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்பேன். ஒன்று, ஸ்பீக்கர் யார் கையில் இருக்கிறது? இரண்டு, பாட்டுக்குப் பக்கத்தில் நடந்துபோகிற இயக்கம் எது? மூன்று, அந்தப் பாட்டு நிற்கிற காலுக்குக் கீழே யாராவது நசுங்குகிறார்களா? ஜமைக்காவின் வரலாற்றில் இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்த இடங்களில் மனிதன் மாறினான். கிடைக்காத இடத்தில் இசைத்தட்டு மட்டும் விற்றது.

நம் ஊரிலும் காலம் மாறியிருக்கிறது. பறை கல்லூரி மேடைக்கு வந்துவிட்டது. கானா திரைக்கு வந்துவிட்டது. உங்களில் பலர் பறைப் பயிற்சிக்குப் போகிறீர்கள், மகிழ்ச்சி. என் அப்பா இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார், கொஞ்சம் சந்தேகத்தோடு.

அந்தச் சந்தேகத்தை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். அடுத்த முறை உங்கள் கல்லூரி விழாவுக்குப் பறைக்குழு வரும்போது கை தட்டுங்கள், ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். வாசித்தவர்களுக்குச் சாப்பாடு எங்கே போட்டிருக்கிறார்கள், யாரோடு உட்கார வைத்திருக்கிறார்கள், பேசிய பணத்தைக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். இடம் தனியாக இருந்தால், உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். பிறகு, ஏன் தனி இடம் என்று கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள்.

அறையில் மார்லி படம் ஒட்டுங்கள், தப்பே இல்லை. முறுக்கு டப்பாவையும் இந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

ஜெய்பீம்.